எனக்குக் கிடைக்காத டிக்டிக்

எனக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தவர் எங்கள் கணக்கு டீச்சர். அவர் கரும்பலகையில் எதை எழுதினாலும் என் தலை மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். புரிந்ததா என்று கேட்டால் ஆடும். வீட்டுக்கணக்கை ஏன் போடவில்லை என்று கேட்டாலும் ஆடும். கடைசி பெஞ்சில் இப்படியொரு அக்கறையான பிள்ளையா என்று ஆரம்பத்தில் மகிழ்ந்துபோன டீச்சர், போகப்போக நான் அவரை நையாண்டி செய்கிறேன் என்று முடிவுகட்டி என்னைப் பெஞ்சுமேல் ஏற்றினார். பெஞ்சுமேல் நின்றபோதும் தலை ஆடியது. எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவள் என்று வீட்டில் தினமும் திட்டு வாங்கிய எனக்கு, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லும் ஒரு தலை வாய்த்திருந்தது.

அது தலையின் கோளாறு இல்லை, நெஞ்சின் கோளாறு என்று சுனாமிக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அலை எங்கள் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் எங்கள் வீட்டைக் கொண்டுபோய்விட்டு எங்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. தகரக் கொட்டகைகளில் இருந்தோம். அந்த நாட்களில் எங்களைப் பார்க்க வராதவர்களே இல்லை. பாயும் பாத்திரமும் கொடுப்பவர்கள், படம் பிடிப்பவர்கள், எங்களைப் பாடச் சொல்லிக் கேட்பவர்கள், மருத்துவ முகாம் நடத்துபவர்கள் என்று மாறி மாறி வந்தார்கள். சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சிவப்பு நிறத்தில் மருந்து கிடைத்தது. அப்படியொரு முகாமில் ஓர் இளம் பெண் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தவர், எடுக்கவே இல்லை. மறந்துவிட்டாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அது அப்படித்தான் துள்ளும்.

“பாப்பாவுக்கு ஓடுனா மூச்சு வாங்குமாம்மா?” என்று கேட்டார்.

“ஓடுனா எல்லாருக்குந்தானே வாங்கும்?” என்றாள் அம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டு எழுதி, புதுச்சேரிக்குக் கூட்டிப்போங்கள் என்றார்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாகச் சில ஆண்டுகள் போயின. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் மூன்று இதழ்கள் கொண்ட கதவு ஒன்று இருக்க வேண்டுமாம். எனக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான். அதிலும் ஒன்று தொய்ந்துபோய்க் கதவு சரியாக மூடவில்லை. வெளியே தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு மறுபடி உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்ததை மறுபடி தள்ள, தள்ளியது மறுபடி வர, இதயம் வேலைப்பளுவில் பெருத்துக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு துடிப்பின் வேகத்துக்கும்தான் என் தலை ஆடியது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, இனிமேல் தள்ளிப்போட முடியாது, வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அது ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். எடை பார்த்துவிட்டு வரும்படி நர்சோடு அனுப்பினார். எடை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்று சொன்னேன். மறுபடி பார் என்றார்கள்.

திரும்பி வந்தபோது, மீன் விலையில் இதற்குமேல் குறைக்க முடியாது என்று சொல்லும் நேரத்தில் அம்மாவுக்கு வருகிற முகம் வந்திருந்தது.

“இருக்கறதையே சரி பண்ண முடியாதாய்யா?” என்று கேட்டாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சென்னையில் ஒருவர் அப்படித் தைத்துச் சரிசெய்கிறார், ஆனால் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம் என்றார். “உலோக வால்வுன்னா பெரும்பாலும் ஒரே தடவையோட முடிஞ்சிரும்மா. யோசிச்சுக்குங்க.” அப்பா யோசிக்கவில்லை. சரி என்று சொல்லி, ஆப்பரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். எங்கள் சொந்தத்தில் கடலுக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் என்பதால் நோய், சட்டம், வெளிநாடு எதுவானாலும் அவர் சொன்னதுதான் முடிவு. உலோக வால்வு என்றதும் மாமாவுக்கு ஏற்பட்ட உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல.

“அமெரிக்காவுலேர்ந்து வர்ற சாமான். நெஞ்சுக்குள்ள கடியாரமாட்டம் டிக்டிக்னு ஓடும் பாரு.”

நான் நம்பவில்லை. நிரூபித்துக்காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் கோவில்பத்தில் இருந்த தன் அலுவலக நண்பர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அம்மா மீன் விற்கிற தெருக்கள் அந்தப் பக்கம்தான் என்பதால் கூடையோடு அவளும் வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நண்பர் பருத்த ஆள். மேல்சட்டை இல்லாமல் துண்டைப் போர்த்தியிருந்தார். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தழும்பு ஓடியது. டிவியை நிறுத்தச் சொன்னார். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். “வாயத் தொறந்தா நல்லாக் கேக்கும்” என்று சொல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்து ஆவென்று வாயைத் திறந்தார். உள்ளே, தங்கம் கட்டிய பல்லுக்கும் அப்பால் எங்கேயோ, டிக் டிக் டிக் என்று கேட்டது.

அதுவரை என் வாழ்க்கையில் கேட்டவற்றில் மிகச் சிறந்த ஓசை அதுதான்.

“தூங்கும்போதும் கேக்குமா மாமா?” என்று அந்த நண்பரைக் கேட்டேன்.

“எனக்கெங்க கேக்குது? இவளுக்குத்தான் கேக்கும்.”

“அது நின்னாத்தான் எனக்கு முழிப்பே வரும்” என்றார் அவர் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவள் அந்த மனிதரின் முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருந்தது.

“என்னண்ணே, எங்கயாச்சும் விழுந்திட்டீங்களா?”

“அட, கதவுல லேசா இடிச்சுக்கிட்டேம்மா. ரத்தம் எளகறதுக்கு மாத்திரை திங்கறம்ல, தொட்டாலே இப்புடித்தான்.”

மறுநாளே பள்ளிக்கூடத்தில் அறிவித்துவிட்டேன். எனக்கு டிக்டிக் வரப்போகிறது. என் நெஞ்சில் முதலில் காது வைக்கும் உரிமையை ஒருத்திக்கும், இரண்டாவது உரிமையை இன்னொருத்திக்கும் கொடுத்தேன். மூன்றாவதற்குப் பெரிய சண்டையே நடந்தது. தலையாட்டி என்று கூப்பிட்டவர்கள் யாருக்கும் காது வைக்க அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டதால், அந்தப் பெயர் வகுப்பில் அடியோடு ஒழிந்தது. டீச்சர் மட்டும் விதிவிலக்கு.

ஆப்பரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் வாலிபர்கள் புதுச்சேரிக்குப் போய் ரத்தம் கொடுக்க வேன் பேசிவிட்டார்கள். அலைக்குப் பிறகு எங்கள் ஊரில் ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் போதும், எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். காப்பாற்ற முடியாமல் போனவர்கள் அவ்வளவு பேர். வேன் பேசி, யார் யார் போவது என்று பஞ்சாயத்தில் முடிவான பிறகு அம்மா அப்பாவிடம் சொன்னாள், இவள் புதுச்சேரிக்குப் போகமாட்டாள், சென்னைக்குத்தான் போவாள், இருக்கிற வால்வைத் தைக்கத்தான் வேண்டும் என்று.

அப்பா எந்தக் காற்றிலும் படகை இறக்கத் தயங்காதவர். ஆனால் அம்மாவிடம் பேச வேண்டியதை ஊர்ப் பஞ்சாயத்தில் போய்த்தான் பேசினார்.

மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த கூடத்தில் பஞ்சாயத்து கூடும். ஆண்கள் மட்டும் உட்காருவார்கள். பெண்கள் அந்தப் படியில் ஏறியதில்லை. யாராவது ஏறக்கூடாது என்று சொன்னதாகவும் தெரியவில்லை. ஏறியதில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வியாபாரம் முடித்து வந்த அம்மா, கூடையைப் படியோரம் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபடி மேலே ஏறினாள். பேச்சு நின்றது.

பஞ்சாயத்துத் தலைவர் அப்பாவுக்குப் பெரியப்பா முறை. “ஓம் புருஷன் இருக்காருல்ல. நீ வெளில நில்லும்மா” என்றார் தணிவாக.

“பெத்தது நானுங்க. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடுறேன்.”

“பெரியாஸ்பத்திரி டாக்டர விட ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. அதான் இன்னொரு டாக்டரக் கேக்கணும்கறேன்.”

“அவரு தச்சா அது நிக்கும்னு உத்தரவாதம் உண்டா?”

“கடலுக்குப் போறவங்க யாரு உத்தரவாதம் வாங்கிட்டுப் போறீங்க?”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஊரே ரத்தம் கொடுக்கக் கிளம்பி நிற்கும்போது வேண்டாம் என்பது ஊரை அவமதிப்பது ஆகாதா என்று இன்னொருவர் கேட்டார். தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்.

“அப்புடி என்னதாம்மா ஒனக்கு அந்த வால்வு மேல கோவம்?”

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். கூடம் நிறைய உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்து அவர்கள்முன் நீட்டினாள்.

“இந்தக் கையப் பாருங்க. கெளுத்தி முள்ளு, சுறா முள்ளு, அருவாமன. வெட்டு படாத வெரலு ஒண்ணு இருந்தாக் காட்டுங்க. ரத்தம் எளகற மாத்திரையத் தின்னுட்டு இவ எப்புடி மீன் அறுப்பா? எப்புடி யாவாரம் பண்ணுவா? எங்க வூட்டுப் பொம்பளைக்கு வேற என்ன பொழப்பு இருக்கு?”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் அந்த வருஷம் வகுப்பில் இரண்டாவது ரேங்க். பெரியவளாகி மாமா மாதிரி நாற்காலியில் உட்காருவதாக இருந்தேன், அதுவும் சுற்றுகிற நாற்காலியில். என்னை மீன்கூடையோடு கோவில்பத்துத் தெருவில் நடக்கவிடுவதற்காக, எனக்கு வரவேண்டிய டிக்டிக்கை இவள் தடுக்கிறாள். அதையும் ஊர் முன்னால் சொல்கிறாள்.

“நான் மீன் விக்க மாட்டேன்!” என்று கத்தினேன். “ஒன்னயமாரி நாறிக்கிட்டுத் திரியமாட்டேன். எனக்கு டிக்டிக் வால்வுதான் வேணும்!”

கூடம் அதிரச் சிரித்தது. தலைவர்கூடச் சிரித்துவிட்டார். “பாரும்மா, புள்ளைக்கு இருக்கற வெவரம்கூட ஒனக்கு இல்ல.”

அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்துக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“அவ சின்னப்புள்ள. நான் சொல்றேன். அவ அங்க போகமாட்டா.”

“அப்ப ஊர் இதுல இல்ல. நல்லது கெட்டது எதுன்னாலும் ஒம் பொறுப்பு.”

“சரிங்க.”

படியிறங்கிக் கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். கூடத்தின் பக்கச் சுவரோரம் அவளோடு மீன் விற்கும் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். வழி மட்டும் விட்டார்கள்.

அன்றிலிருந்து நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். தேவையானதை அப்பாவிடம் சொல்வேன், அவர் அவளிடம் சொல்வார். சென்னைக்குக் கிளம்பிய நாளில் அப்பா பைகளைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அவர் எப்போது கட்சி மாறினார் என்று எனக்குத் தெரியாது. ஆப்பரேஷன் செலவுக்காகப் படகில் தன் பங்கை அவர் விட்டுக்கொடுத்திருந்தது பிறகு தெரியவந்தது. மாமாவும் வந்தார். அமெரிக்க வால்வை இழந்த துக்கம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அவர் ஒருவர்தான் ஆறுதல்.

சென்னை டாக்டர் ஒல்லியானவர். மேசைமேல் இருந்த இரண்டு மருந்துச்சீட்டுகளை எடுத்து விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிடித்தார். இப்படி மூட வேண்டியது, என்று சொல்லி ஒன்றைக் கீழே தொய்யவிட்டார், இப்படி ஆகிவிட்டது. தொய்ந்ததன் ஓரத்தை நகத்தால் மடித்து மறுபடி சேர்த்தார். இரண்டும் பொருந்தின. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“தைக்க முடியும்னுதான் ஸ்கேனைப் பார்த்தா தோணுது. ஆனா உள்ள திறந்து பார்த்தாத்தான் உறுதி. முடியலைன்னா மெட்டல் வால்வு வச்சிட்டுத்தான் மூடணும். அதுக்கும் நீங்க சம்மதிக்கணும்.”

இதைக் கேட்டதும் என் நெஞ்சு துள்ளியது. ஆக, எல்லாம் முடிந்துவிடவில்லை.

“முடியும்னு நெனச்சே ஆரம்பிங்கய்யா” என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, “நீ வெளில மாமாகிட்ட போயி இரு” என்றாள்.

“மாட்டேன்னு சொல்லுங்கப்பா” என்றேன்.

“போம்மா” என்றார் அப்பா.

வெளியே வந்து திரை விலகிய இடைவெளியில் பார்த்தேன். அம்மா மேசையை நோக்கிக் குனிந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் அறுப்பதைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய டாக்டரிடம்போய்க் கெளுத்தி முள்ளைப் பற்றிப் பேசுகிறாளே என்று மாமாவிடம் சொன்னேன். மாமாவுக்கும் அவமானமாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். ஆப்பரேஷனுக்கு முதல் நாள் அம்மா அவர்முன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே திறந்து பார்க்கும்போது தைக்க முடியாதபடி ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையாருக்கு ஒரே குடும்பத்திலிருந்து ஒரே நேரத்தில் நேரெதிரான இரண்டு மனுக்கள் போயின.

ரத்தம்தான் பிரச்சினையாக இருந்தது. ஊர் விலகிவிட்டதால் வேன் இல்லை. அப்பாவும் மாமாவும் கொடுத்தது போதாது என்றார்கள். அப்பா வரவேற்பறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்தக் காலைநேரத்தில், வாசலில் காவலாளியோடு ஒரு சத்தம் கேட்டது. கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தால், எங்கள் ஊர் மீன்காரப் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். கூடை இல்லாமல் அவர்களை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவைகளைக் கட்டியிருந்தார்கள். பேருந்தில் விடிய விடிய வந்த களைப்பு ஒருத்தியிடமும் இல்லை.

அம்மா திகைத்துப்போனாள். “ஊர் இதுல இல்லன்னாங்களே?”

“ஊர்னா ஆம்பளைங்கதான. எங்கள யாரு கேட்டா?” என்றாள் அவர்களில் மூத்தவள்.

ரத்தவங்கிக்காரருக்கு அன்று நல்ல நாள் இல்லை. இருவருக்கு ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பினார். அதில் ஒருத்தி நகரவில்லை. “கூடையத் தூக்கிக்கிட்டுக் கொளுத்துற வெயில்ல நடக்கறேன், என் ரத்தத்துக்கு என்னாய்யா கொறச்சல்? பாதியாச்சும் எடுத்துக்க” என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்ப மற்றவர்கள் கொடுத்து முடிக்கும்வரை ஆயிற்று.

ஆப்பரேஷன் எனக்கு ஒன்றுமே தெரியாமல் நடந்து முடிந்தது. கண் விழித்தபோது வாயில் குழாய் இருந்தது. பேச முடியவில்லை. ஆனால் கேட்க முடிந்தது. தலைக்கு மேலே, ஒழுங்காக, நிதானமாக, டிக் டிக் டிக்.

கிடைத்துவிட்டது. பிள்ளையார் என் மனுவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். கோவில்பத்துக்காரருடையதைவிடச் சத்தம் பலமாக வேறு இருந்தது. வாயைத் திறக்காமலேயே அறை முழுக்கக் கேட்கிறது. இப்படி ஒரு வால்வு எனக்குக் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்த வலியிலும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குழாயை எடுத்த பிறகு ஒரு நாள் என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றுவதற்காக நர்ஸ் என் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களைக் கழற்றினார். டிக்டிக் நின்றது.

“அக்கா, வால்வு நின்னுபோச்சு! டாக்டரக் கூப்புடுங்க, வால்வு நின்னுபோச்சு!” என்று அலறினேன். தையல் இழுத்து உயிர்போனது.

நர்சுக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று. புரிந்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது மெஷின் சத்தம்டா தங்கம். உனக்கு வால்வே வைக்கலை. உன்னோடதையே அழகாத் தச்சு மூடியாச்சு.”

வாசலில் நின்ற அம்மாவுக்கும் இது கேட்டது. புதுச்சேரியிலிருந்து திரும்பிய நாள்முதல் சிரிக்காத அம்மா, அங்கேயே சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று பார்க்க நான் காத்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வார்டில் இருந்த நாட்களில் அம்மாவுக்கு ஒரே வேலைதான். என் கழுத்தைப் பார்ப்பாள். தலையைப் பார்ப்பாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஆடல” என்பாள். அப்பாவும் குனிந்து பார்த்துவிட்டு, “ஆடல” என்பார். கோயிலில் சாமி பார்ப்பதுபோல இருவரும் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் நிலைமையைச் சமாளிப்பது சுலபமாக இல்லை. முதல் உரிமை பெற்றவள் நெடுநேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்பதுபோல லப்டப்தான் கேட்கிறது என்று வெளியே சொல்லிவிட்டாள். எனக்குள் இருப்பது புது மாதிரி, எனக்கு மட்டும்தான் கேட்கும் என்றேன். நம்பாதவர்களுக்குத் தழும்பின் மேல்நுனியைக் காட்டினேன். தழும்பு வேலை செய்தது. கணக்கு டீச்சர்கூட வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, புரிந்ததா என்று வகுப்பில் என்னைக் கேட்பதை விட்டுவிட்டார். இப்போது என் தலை அசையாமல் நின்றது அவருக்கு என்னவோபோல் இருந்திருக்க வேண்டும்.

உடம்பு தேறி எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு விடுமுறை நாளில் வேண்டுமென்றே அம்மாவின் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு சங்கராவை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தேன். இதற்குத்தானே தைத்தாய், இந்தா, பார்த்துக்கொள் என்பது என் எண்ணம். அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து மீனைப் பிடுங்கினாள்.

“ஏந்திரிடி. ஒன்ன யாரு இதுல ஒக்காரச் சொன்னா? போயிப் படி.”

“நீதான ஊரு முன்னால கையக் காட்டிச் சொன்ன? மீன் அறுக்கணும், யாவாரம் பண்ணணும்னு?”

அம்மா மனையைக் கழுவிச் சாய்த்து வைத்தாள். அவள் சொன்னதே அவளுக்கு மறந்துபோய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகும் ஒரு நாளாவது அவள் என்னை மீன் அறுக்க விட்டதில்லை.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் வழக்கமான பரிசோதனைக்கு அதே டாக்டரிடம் போனேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கசிவு இருக்கிறது, இந்த அளவுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வருஷாவருஷம் பார்த்துக்கொள்வோம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார், “உங்கம்மா அன்னைக்கு என்னைக் கேட்ட கேள்வி உனக்குத் தெரியுமா?”

மீன் அறுப்பதைப் பற்றி என்றேன்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். அம்மா கேட்டது இதுதான்: இவள் நாளைக்கு ஒரு பிள்ளையை வயிற்றில் சுமந்தால் இந்தத் தையல் தாங்குமா? உலோக வால்வு வைத்தவர்கள் சாப்பிடுகிற அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து என்கிறார்களே, தையல் தாங்கினால் அந்த மாத்திரை வேண்டாம்தானே? புதுச்சேரியில் என்னை இரண்டாவது தடவை எடை பார்க்க அனுப்பிவிட்டு அந்த டாக்டர் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னது அதைத்தான்.

வெளியே பெஞ்சில் அம்மா பன்னும் டீயுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

“ஆமா, கேட்டேன். அதுக்கென்ன இப்ப?”

“பஞ்சாயத்துல ஏன் சொல்லல?”

“அங்க சொல்லியிருந்தா? தச்சாலும் சரி, தைக்காட்டியும் சரி, அவளுக்குப் புள்ள நிக்காதாம்னு ஒரு பேச்சு ஒன் கூடவே சுத்தும். எத்தன வருசமானாலும் போவாது. கையக் காட்டுனேன், என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க.” பன்னை டீயில் நனைத்துக் கடித்தாள். “புள்ள பெத்துக்கறதும் பெத்துக்காததும் ஒன் இஷ்டம். ஒன்னால முடியாதுன்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது. அவ்ளோதான்.”

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. ஆப்பரேஷன் முடிந்து சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்பிய அந்தப் பகலில், பேருந்தின் சன்னலோர இருக்கையில் இருந்த பன்னிரண்டு வயதுக்காரிக்கு இதில் எதுவும் தெரியாது. அவள் இன்னும் அம்மாவோடு பேசாமல்தான் இருந்தாள். முன்னிருக்கையின் முதுகில் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அது என்மேல் மோதிவிடாதபடி அம்மா தன் கையை என் நெஞ்சுக்கும் கம்பிக்கும் நடுவில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தாள். பேருந்து குலுங்கும்போதெல்லாம் கம்பி அவள் முழங்கையில் இடித்தது. புழுக்கமாக இருந்தது. மீன் வாடை வேறு. நான் கையைத் தள்ளிவிட்டேன். மறுபடி வைத்தாள். கடலூரில் தள்ளினேன், சிதம்பரத்தில் தள்ளினேன், கொள்ளிடம் பாலத்தில் தூக்கக் கலக்கத்திலும் தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் மறுபடி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே அமெரிக்க வால்வும் இல்லை, டிக்டிக்கும் இல்லை, உடைந்துபோகும்படி புதிதாக எதையுமே வைக்கவில்லை. பிறகு எதை இவள் இப்படிக் கை வைத்துக் காத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.